30,000 பவுண்டுக்குப் பழைய போர்ஷ்: மூன்று வருடம் ஓட்டிவிட்டு நட்டமில்லாமல் விற்க முடியுமா?

தம்பி, இங்கிலாந்தின் ரெடிங்கில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், கையில் 30,000 பவுண்டு, ஒரு போர்ஷ் வாங்கி மூன்று வருடம் ஓட்டி, ஊருக்குக் கிளம்பும்போது பெரிய நட்டமில்லாமல் தள்ளிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். எந்த மாடல், யார் வைத்திருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காருக்கு முன்னால் லைசென்ஸ். இந்திய லைசென்ஸில் இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதை மாற்றித் தரமாட்டார்கள். தியரி, பிராக்டிகல் இரண்டும் பாஸ் செய்தாக வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்துவிட்டால் பிறகு மேனுவல் காரைத் தொட முடியாது. ஊரில் பத்து வருடம் ஓட்டிய அனுபவத்தை இன்சூரன்ஸ்காரர்களில் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. புது லைசென்ஸ், ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் சிலர் கோட் (இவ்வளவு ஆகும் என்ற விலை) தரவே மாட்டார்கள், தருபவர்களும் கார் இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் மாட்டச் சொல்லலாம். காரைப் பார்க்கக் கிளம்பும் முன்பே அதன் நம்பரைப் போட்டு கோட் எடுத்துப் பாருங்கள். முதல் வருடம் சாதாரணக் கார் ஒன்றை ஓட்டி நோ-கிளெய்ம் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான இன்சூரன்ஸ் சலுகை) சேர்ப்பது மேல் என்பேன்.

இனி மாடல். உங்கள் பணத்துக்கு நான் சொல்வது கேமன் என்ற இரண்டு சீட் போர்ஷ், அதிலும் 981 என்ற தலைமுறை, 2013 முதல் 2016 வரை வந்தது. அடிப்படை 2.7 லிட்டர் மாடல் 2013இல் ஆப்ஷன் எதுவும் இல்லாமல் ஏறக்குறைய 40,000 பவுண்டு. இத்தனை வருடம் கழித்தும் நல்லதாக ஒன்றைத் தேடினால் உங்கள் பட்ஜெட்டை ஒட்டித்தான் நிற்கும். காரணம் என்ஜின். டர்போ இல்லாத ஆறு சிலிண்டர். அடுத்த தலைமுறையாக வந்த 718 கேமனில் நான்கு சிலிண்டர் டர்போ வைத்தார்கள். 2.7இன் 275 குதிரைத்திறன் 718இல் 300 ஆனது, வேகமும் கூடியது, ஆனால் சத்தம் போய்விட்டது. இந்தச் சந்தையில் காதுக்குத்தான் காசு. புதிதாக வாங்கும்போது பல ஆயிரம் கொட்டிப் போட்ட ஆப்ஷன்களுக்கு விற்கும்போது சில்லறைதான் தேறும். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட், ஸ்போர்ட் குரோனோ, நல்ல சீட் மாதிரி சிலதுக்குத்தான் ஆள் தேடி வருவார்கள்.

இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று 2005–2008 கேமன் எஸ் பக்கம் போகாதீர்கள். அந்த 3.4 என்ஜினில் பிஸ்டன் உரசி சிலிண்டர் சுவரில் கோடு விழும் நோய் உண்டு. ஆயில் குடிக்கும், குளிர்ந்த என்ஜினில் டிக் டிக் சத்தம் கேட்கும், ஒரு பக்கத்துச் சிலிண்டர்களில் புகைக்கரி கூடுதலாகப் படியும். உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. என்ஜினைத் திறந்தால் செலவு கார் விலையையே தொட்டுவிடும். 2009இல் வந்த புது என்ஜினில் இந்தப் பயம் வெகுவாகக் குறைந்தது.

981ஐப் பார்க்கப் போனால் கையில் டார்ச் கொண்டுபோங்கள். முன் பம்பரில் காற்று நுழையும் இரண்டு வாய்க்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். காய்ந்த இலை அடைத்து, ஈரம் தங்கி, ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அரித்துப் போவது இந்தக் கார்களின் பழைய வியாதி. டயர் நான்கும் ஒரே பிராண்டா, பக்கவாட்டில் N எழுத்தோடு போர்ஷ் அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். பின்னால் பேர் தெரியாத மலிவு டயர் போட்டவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்னென்ன மிச்சம் பிடித்திருப்பாரோ.

சர்வீஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அல்லது 20,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. வருடம் 2,000 மைல்தான் ஓடியது என்று சர்வீஸை விட்டவரிடம் வாங்காதீர்கள். எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாறு அரசு தளத்தில் இலவசம், நம்பர் பிளேட் போதும். மைல் கணக்கு வருடாவருடம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்பதோடு, ஒரே குறை தொடர்ந்து வருகிறதா என்றும் படியுங்கள்.

மேனுவல் என்றால் ஒன்று கூடுதல். ஐந்தாவது கியரிலிருந்து நாலுக்குப் பதில் இரண்டில் இறக்கிவிட்டால் சக்கரமே என்ஜினை எல்லை தாண்டிச் சுற்றவைக்கும், என்ஜின் வேகத்துக்கு வரம்பு போடும் ரெவ் லிமிட்டரால் தடுக்க முடியாது. அது எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பதைப் பொறுத்து என்ஜின் கம்ப்யூட்டரில் ஆறு படிகளாகப் பதிவாகும். வாங்கும் முன் சில நூறு பவுண்டு செலவழித்து போர்ஷ் தெரிந்த தனி மெக்கானிக்கிடம் சோதிக்கும்போது அந்த அறிக்கையையும் எடுக்கச் சொல்லுங்கள். நாலாம் படிக்கு மேல் பதிவு இருந்தால், அதன்பிறகு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். விற்கும்போது அடுத்தவன் உங்களிடம் இதையே கேட்பான்.

பாக்கிக் கடன், பழைய விபத்து (இன்சூரன்ஸ்காரர்கள் கைவிட்ட கார்களுக்கான கேட்டகரி எஸ், என் முத்திரை) இரண்டையும் எச்பிஐ என்ற காசு கட்டிப் பார்க்கும் கார் வரலாற்றுச் சோதனையில் பாருங்கள். V5C லாக்புக் (காரின் பதிவுப் புத்தகம்) உரிமைப் பத்திரம் அல்ல. அதில் இருப்பது பதிவான கீப்பரின் பெயர் மட்டும்.

சாலை வரியில் ஒரு பொறி உண்டு. 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவான பெட்ரோல் காரின் அன்றைய லிஸ்ட் விலை (புதுக் காருக்குக் கம்பெனி போட்ட விலை) 40,000 பவுண்டைத் தாண்டியிருந்தால், இரண்டாம் வருடம் தொடங்கி ஐந்து வருடம் கூடுதல் வரி. 2025–26 கணக்கில் வருடத்துக்கு வழக்கமான 195 பவுண்டுடன் கூடுதலாக 425. நீங்கள் 30,000க்கு வாங்கினாலும் அதே கதைதான். 981 அதற்கு முந்தையது, அதன் வரி அது வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு அளவைப் பொறுத்தது.

வாங்க நவம்பர், டிசம்பர் நல்லது. விற்க ஏப்ரல், மே. வெயில் எட்டிப் பார்த்ததும் இந்த நாட்டில் எல்லாருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஞாபகம் வரும். ஆன்லைனில் உடனே வாங்கிக்கொள்ளும் கம்பெனிகள் குறைத்துத்தான் கொடுப்பார்கள், எனவே டிக்கெட் போடுவதற்கு மூன்று மாதம் முன்பே தனியாக விளம்பரம் போடுங்கள். பணம் உங்கள் கணக்கில் விழுந்ததை உங்கள் வங்கி ஆப்பில் பார்த்த பிறகுதான் சாவி. வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். லாக்புக்கின் பச்சைத் துண்டை அவரிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) தளத்தில் விற்றதைப் பதியுங்கள். வரி அவருக்கு மாறாது, முழுதாக மீதமுள்ள மாதங்களுக்கான தொகை தானாக உங்களுக்குத் திரும்பும். செக்காக வந்தால் லாக்புக்கில் உள்ள விலாசத்துக்குத்தான் வரும், அதனால் வீட்டைக் காலி செய்யும் முன் விற்றுவிடுங்கள்.