வறுமைக்கு வர்ணம் பூசுகிறார்களா?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹாம் பகுதியில் இருக்கும் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். டிராம் ஓடுகிறது, மிட்டாய் காய்ச்சுகிறார்கள், அந்தக் கால உடையில் ஊழியர்கள் பேச்சுக் கொடுக்கிறார்கள். எல்லோரும் சொக்கிப்போய் நின்றார்கள். எனக்கென்னவோ வறுமைக்கு வர்ணம் பூசியதுபோல இருந்தது. இதையெல்லாம் வரலாறு என்று சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் எரிச்சலில் பாதி நியாயம். அங்கே யாரும் நிலக்கரித் தூசியில் இருமிச் சாவதில்லை. காட்சிக்கு வைத்த வறுமை எப்போதும் குளித்து முழுகித்தான் வரும்.

ஆனால் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் கந்தல் விரிப்பு செய்வதைக் கவனித்தீர்களா? மரச்சட்டத்தில் சாக்குத்துணியை இழுத்துக் கட்டி, பழைய கோட்டுகளையும் பாவாடைகளையும் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாகக் குத்திச் செருகுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது வெறும் கந்தல். குத்தும் கையைப் பார்த்தால்தான் எதையும் தூக்கியெறிய வசதியில்லாத வீடு தெரியும். மணிக்கணக்கில் வளைந்த முதுகும் தெரியும். பல் மருத்துவர் வீட்டையும் பார்த்திருப்பீர்கள். பிற்காலச் செலவுக்குப் பயந்து, கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பற்களை மொத்தமாகப் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டும் வழக்கம் அந்நாளில் இருந்தது. இதில் வர்ணம் எங்கே?

பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து திறந்தவெளியில் மீண்டும் எழுப்பும் வேலையை ஸ்டாக்ஹோமில் 1891இல் ஸ்கான்சென் என்ற அருங்காட்சியகத்தைத் திறந்து ஆர்தர் ஹாஸேலியுஸ் பிரபலமாக்கினார். அதை டர்ஹாமுக்குக் கொண்டுவந்தவர் ஃபிராங்க் அட்கின்சன். 1970இல் பீமிஷ் அமைந்தபோது சுற்றுவட்டாரச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம் என்பதே அவர் கொள்கை. அரும்பொருள் எது என்று முடிவுசெய்யும் அதிகாரத்தைப் பரணில் சாமான் வைத்திருந்தவர்களிடமே கொடுத்துவிட்டார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

பீமிஷில் 1950களைக் காட்டும் பகுதியில் பழங்காலத்து ஏக்கம் கொஞ்சம் தூக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கிருக்கும் முதிய சுரங்கத் தொழிலாளர் இல்லங்களுக்கு மறதி நோய் உள்ளவர்களை அழைத்துவந்து, அவர்கள் இளமையில் புழங்கிய சாமான்களுக்கு நடுவே உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அந்த ஏக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி போனால் மிட்டாய்க் கடை வரிசையை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குள் போய் வாருங்கள். தலைக்கவசம் தருவார்கள். தேவைப்படும், கூரை அவ்வளவு தாழ்வு.