படகில் போகும்போது டிடிஎச் டிவி தெரியுமா? வீட்டு டிஷ்ஷையே கொண்டுபோய் மாட்டினால் போதுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு படகுகள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு ஆலப்புழையில் ஏறப்போகும் ஹவுஸ்போட் ஒன்று. தொண்டியில் உங்கள் மச்சான் வைத்திருக்கும் விசைப்படகு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஹவுஸ்போட்டைக் கரையில் கட்டிய பிறகு வீட்டு டிஷ்ஷே போதும். உங்கள் ஐயா இரவுச் செய்தியை நிம்மதியாகப் பார்க்கலாம். கடலில் ஓடுகிற விசைப்படகுக்கு வீட்டு டிஷ் எந்த வகையிலும் உதவாது. படகு ஆடும்போது தானாகத் திரும்பிக்கொள்ளும் ஆண்டெனா வேண்டும். அதன் விலை லட்சக்கணக்கில்.

காரைக்குடியில் டிஷ் மாட்டுவதுதான் என் தொழில். தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டி, நம்புதாளை வரை வேலைக்குப் போகிறேன். கடலோரத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'கடலுக்குள் போனால் சிக்னல் கிடைக்குமா?' என்பது. கிடைக்கும். செல்போன் கோபுரம் போலக் கரையை விட்டு விலக விலகத் தேய்வதற்கு இது கரையிலிருந்து வரும் சிக்னல் அல்ல. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோளிலிருந்து வருவது. தொண்டிக் கரையில் கிடைக்கிற அதே பலம் பத்து இருபது கிலோமீட்டர் உள்ளே போனாலும் கிடைக்கும். கடலில் கெடுவது குறி, அதாவது டிஷ் செயற்கைக்கோளை நேராகப் பார்த்து நிற்பது மட்டும்தான்.

குறி எவ்வளவு நுணுக்கமானது என்று சொல்கிறேன். நம் வீட்டு மாடியில் இருக்கும் 60 செ.மீ. டிஷ், டிடிஎச் அலைவரிசையில் மொத்தமாகச் சுமார் 3 டிகிரி அகலத்துக்குத்தான் வானத்தைப் பார்க்கிறது. நடுவிலிருந்து இந்தப் பக்கம் ஒன்றரை டிகிரி, அந்தப் பக்கம் ஒன்றரை டிகிரி. அதைத் தாண்டினால் சிக்னல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் டிஷ் கீழே விழவே இல்லை. பார்த்தால் எல்லாம் நேராக நிற்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் படம் இல்லை. காற்று தள்ளியதில் கம்பம் கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பியிருந்தது, அவ்வளவுதான். கான்கிரீட்டில் பதித்த கம்பத்துக்கே இந்த நிலை.

இப்போது படகை நினைத்துப் பாருங்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அலை குட்டையாக, அடுத்தடுத்து வரும். விசைப்படகு ஐந்து டிகிரி, பத்து டிகிரி சாய்ந்து நிமிர்வது அங்கே சாதாரணம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கணம் டிஷ் சரியான திசையைக் கடந்து போகத்தான் செய்யும். ஆனாலும் படம் வராது. காரணம் செட்டாப் பாக்ஸில் இருக்கிறது. சிக்னல் அறுந்தால் பாக்ஸ் அதைத் திரும்பத் தேடிப் பிடித்து, படத்தைக் கோத்துத் திரையில் போடச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் படகு மறுபக்கம் சாய்ந்துவிடும். பழைய ஆண்டெனா காலத்தில் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். ஆள் யார் என்றாவது தெரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. தெளிவான படம், இல்லையென்றால் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து.

பழைய ஆண்டெனா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எண்பதுகளில் தொண்டிப் பக்கம் உயரமான கம்பம் நட்டு, மீன்முள் ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்த வீடுகள் உண்டு. கடல் நடுவில் இருப்பது அன்றைய சிக்னலுக்குத் தடையாக இருந்ததில்லை. இன்றைய சிக்னலுக்கும் தடையில்லை.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. அது படகுக்கும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பின் மேல் டிஷ் தெரிவதை ஆச்சிமார்கள் விரும்புவதில்லை. அவர்கள் சொல்வது நியாயம். அந்தச் சுதை வேலைப்பாட்டின் நடுவே ஒரு தகரத் தட்டு நின்றால் எனக்கே மனம் ஒப்பாது. அதனால் பல வீடுகளில் டிஷ்ஷை வளவு முற்றத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சுற்றிலும் ஓட்டுக் கூரை இருக்கும்போது அங்கே எப்படிச் சிக்னல் வரும் என்று கேட்பார்கள். வரும். டிடி ஃப்ரீ டிஷ் சேவையைத் தரும் ஜிசாட்-15, கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து அதைப் பார்க்க, தென்கிழக்காகத் திரும்பி, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி மேலே பார்க்க வேண்டும். டாடா ப்ளேயின் செயற்கைக்கோள் 83 டிகிரியில் இருப்பதால் இன்னும் உயரம், 77 டிகிரி. கிட்டத்தட்ட உச்சந்தலை. ஆறு மீட்டர் உயரச் சுவர் இருந்தாலும் அதிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி வைத்தால் ஜிசாட்-15 தெரியும்.

படகில் இதற்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால், கட்டிய படகு நீரோட்டத்தில் இடமும் வலமுமாக ஐந்து டிகிரி திரும்பினாலும் குறி இரண்டு டிகிரிக்கும் குறைவாகத்தான் விலகும். ஐரோப்பாவில் செயற்கைக்கோள் அடிவானத்துக்கு அருகில் இருக்கும் ஊர்களில் இந்தச் சலுகை கிடையாது. தீமை என்னவென்றால், திரும்புவதைப் பொறுத்துக்கொள்ளும் அதே டிஷ் சாய்வதைப் பொறுத்துக்கொள்ளாது. படகு ஐந்து டிகிரி சாய்ந்தால் குறியும் பெரும்பாலும் அந்த ஐந்து டிகிரியே போய்விடும்.

இனி உங்கள் ஹவுஸ்போட். காயலில் மீனவர்கள் வலை போடுவதற்காக மாலை ஐந்தரை மணிக்கு மேல் ஹவுஸ்போட்டுகளை ஓட்டுவதில்லை; கரையில் கட்டிவிடுவார்கள். டிவி பார்க்கும் நேரமும் அதுதான். முதலில் படகுக்காரரிடம் கேளுங்கள். பல ஹவுஸ்போட்டுகளில் டிவியும் டிஷ்ஷும் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லையென்றால் மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள். அப்படிக் கொண்டுபோனால் டிஷ்ஷைப் படகின் மேல் வைக்காதீர்கள். படகுக்காரரிடமும் இடத்துக்குரியவரிடமும் கேட்டுவிட்டுக் கரையில் வையுங்கள். கரை ஆடாது. கனமான அடித்தட்டுள்ள ஸ்டாண்டு ஒன்று, அதன் மேல் அமுக்கி வைக்க இரண்டு கல், இருபது மீட்டர் ஆர்ஜி-6 கேபிள் இருந்தால் போதும். படகு அசையும்போது இழுபடாமல் இருக்கக் கேபிளைத் தாராளமாகத் தொங்கவிடுங்கள். யாரும் தடுக்கி விழாதபடி ஓரமாகக் கொண்டுவாருங்கள்.

அங்கே இடைஞ்சல் செய்வது தென்னைதான். டிஷ் பார்க்கும் திசையில் இருபது மீட்டர் உயர மரம் ஒன்று இருந்தால், அதிலிருந்து எட்டு ஒன்பது மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். மட்டை காற்றில் ஆடி நடுவில் வந்துபோனாலும் படம் உறைந்து உறைந்து நிற்கும். ஆலப்புழையில் ஜிசாட்-15 நம் ஊரைவிடச் சற்றுத் தாழ்ந்து, 67 டிகிரியில் இருக்கும். திசையும் ஐந்தாறு டிகிரி கிழக்கே நகரும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கம்பி நுனியில் சிக்னலை வாங்கும் எல்என்பியைத் திருகி வைக்கும் கோணமும் காரைக்குடியில் 55 டிகிரி என்றால் அங்கே 60. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. திசையையும் உயரத்தையும் சரியாக வைத்துவிட்டுச் சில சேனல்கள் மட்டும் வரவில்லையே என்று தவிப்பார்கள். எல்என்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பாருங்கள், பாக்ஸின் திரையில் சிக்னல் தரம் எவ்வளவு என்பதை மட்டும் கவனியுங்கள். பலம் என்று காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். வேறு செயற்கைக்கோளைப் பார்த்தாலும் அது ஏறி நிற்கும்.

மச்சானின் படகுக்கு வருவோம். ஓடும் படகுக்கான ஆண்டெனா வெள்ளைக் குடம் போன்ற மூடிக்குள் இருக்கும். கொரியாவின் இன்டெல்லியன் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன, அமெரிக்காவின் கேவிஹெச்சும் முன்பு செய்துவந்தது; உள்ளே இருக்கும் டிஷ் 37, 45, 60 செ.மீ. அளவுகளில் வரும். படகு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை உள்ளிருக்கும் ஜைரோ உணர்ந்து சொல்ல, மோட்டார்கள் அதே அளவுக்கு டிஷ்ஷை எதிர்ப்பக்கம் திருப்பும். அதோடு டிஷ் இடைவிடாமல் மிகச் சிறிய அளவில் அசைந்து, எந்தப் பக்கம் சிக்னல் கூடுகிறது என்று பார்த்துக் குறியைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஜிபிஎஸ் வழியாகத் தான் இருக்கும் இடத்தையும் தெரிந்துகொள்ளும். அருமையான வேலைப்பாடு, திறந்து பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

புதிது விலை அதிகம் என்று, உடைக்கப்படும் கப்பல்களிலிருந்து வரும் பழைய குடங்களைச் சிலர் தேடுகிறார்கள். மச்சானும் அந்த எண்ணத்தில் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமானது, அந்த ஆண்டெனா எவ்வளவு உயரம் வரை நிமிர்ந்து பார்க்கும் என்பது. 80 டிகிரியோடு நின்றுவிடும் வகை உண்டு. டாடா ப்ளேக்கு நமக்கு 77 டிகிரி தேவைப்படும்போது படகு பத்து டிகிரி சாய்ந்தால் அது எட்டிப் பார்க்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்டதை வாங்கத்தான் வேண்டும் என்றால், 108.2 டிகிரி செயற்கைக்கோளிலிருந்து வரும் ஏர்டெல் இணைப்பு பொருந்தும். அது நமக்கு 54 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. அடுத்தது, அமெரிக்கச் சந்தைக்குச் செய்ததில் எல்என்பி, சுழன்றபடி வரும் அலையை வாங்கும் வட்ட முனைவாக்க வகையாக இருக்கலாம்; நம் டிடிஎச் சேவைகளுக்கு, ஒரே தளத்தில் அதிரும் அலையை வாங்கும் நேர்கோட்டு வகை வேண்டும். கடைசியாக, அதன் நினைவகத்தில் நம் செயற்கைக்கோள்களின் அலைவரிசை விவரம் ஏற்ற வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆண்டெனா விடிய விடியச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டே இருக்கும்.

மாட்டுவதற்குச் சரியான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறி மராமத்தில் இருக்கும்போது கேபிளைப் பலகைக்கு அடியில் ஒழுங்காகக் கொண்டுபோகலாம். ரேடார் இருந்தால் அதன் வீச்சுக்கு நேரே குடம் வரக்கூடாது. செயற்கைக்கோள் உச்சியில் இருப்பதால் டிஷ் குடத்தின் மண்டை வழியாகத்தான் பார்க்கும். காக்கை எச்சமும் உப்பும் படிந்து தங்குவது அங்கேதான். அதனால் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைப்பதை வாடிக்கையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்த ஆண்டெனாவாக இருந்தாலும் படம் போகும். மழைத்துளி இந்த அலைவரிசையை விழுங்கிவிடும்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர வேலைகளில் என் நேரத்தைப் பெரும்பாலும் தின்பது அதுதான். தொண்டியில் ஒரு வீட்டில் எல்என்பி கனெக்டரைக் கழற்றினால், உள்ளே பச்சைக் களிம்பு பூத்து மாவாக உதிரும். நடுவிலிருக்கும் கம்பி நகம் பட்டாலே ஒடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கனெக்டர் புதிதுபோல இருக்கும். படகில் இது இன்னும் வேகமாக நடக்கும். கனெக்டருக்குள் சிலிக்கான் கிரீஸ் தடவி, மேலே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். அதைச் சுற்றுவதைவிடச் சும்மா விடுவதே மேல்.

மின்சாரம் பெரிய சிக்கல் இல்லை. பல செட்டாப் பாக்ஸுகள் 12 வோல்ட் அடாப்டரில்தான் ஓடுகின்றன. அடியில் ஒட்டிய சீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் படகு பேட்டரியிலிருந்து நேரே கொடுக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்கு ஏறும். நடுவில் ஒரு ரெகுலேட்டர் வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், மச்சான் என்னிடம் நேரில் கேட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் பெரும்பாலும் ஒரு பகல், ஓர் இரவுத் தொழிலுக்குப் போய்வருகின்றன. வலை இழுத்து, மீன் பிரித்து, கிடைக்கும் இடைவெளியில் ஆட்கள் கண்ணயர வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்காக லட்சங்களைக் கொண்டுபோய் உப்புக் காற்றில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் படகு என்றால் என் பதில் வேறு. அங்கே வீட்டைப் பிரிந்து கிடப்பவர்களுக்குத் தமிழில் ஒரு செய்தி, ஒரு பாட்டு என்பது சோற்றுக்கு அடுத்த தேவை. அதைச் செலவு என்றே நினைக்க மாட்டேன். புயல் எச்சரிக்கைக்காக டிவி வேண்டும் என்று மச்சான் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு டிவியை நம்பவே கூடாது. வானம் கறுத்து மழை கொட்டும்போது முதலில் அறுந்துபோவது டிடிஎச் சிக்னல்தான். கரையோடும் மற்றப் படகுகளோடும் பேச விஎச்எஃப் வயர்லெஸ்ஸும், மீனவர்களுக்கான எச்சரிக்கையை வாசிக்கும் வானொலியைக் கேட்க ஒரு டிரான்சிஸ்டரும் கட்டாயம் இருக்கட்டும். டிவிக்கு ஒதுக்கிய பணத்தில் அவற்றை முதலில் வாங்கச் சொல்லுங்கள்.

அப்படியும் மச்சான் உறுதியாக இருந்தால், படகின் நீளம், பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கூரை மரமா ஃபைபரா, எந்த டிடிஎச் இணைப்பு என்ற நான்கையும் எழுதுங்கள். எந்த அளவுக் குடத்தை அந்தக் கூரை தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.