தென்னந்தோப்புக்கு எந்தச் சிறு டிராக்டர்? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எனக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதில் ஒன்றரை ஏக்கரில் ஊடுபயிராக ஏத்தன் வாழை வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே என் தம்பிக்கும் நான்கு ஏக்கர் உண்டு. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு விவசாயத்தை நானே பார்த்துக் கொள்கிறேன். வாடகைக்கு வருகிற டிராக்டர்கள் எல்லாம் பெரியவை. மட்டையிலும் மரத்திலும் உரசுகின்றன, கேட்ட நாளில் வந்து சேர்வதும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஆரஞ்சு நிறச் சிறு டிராக்டர் ஒன்றை வைத்து வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டுவது முதல் மண் அள்ளுவது வரை எல்லா வேலையும் செய்கிறான். அதைப் போல ஒன்றை வாங்கும்படி என்னிடமும் சொல்கிறான். இங்கே விசாரித்தால் 15, 21, 24, 28 குதிரைத்திறன் என்று அடுக்குகிறார்கள். எதை வாங்குவது நல்லது? – ஒரு வாசகர், களக்காடு.

பதில்: உங்கள் மகன் வைத்திருப்பது கூபோட்டாவின் பி.எக்ஸ். வரிசை டிராக்டராக இருக்கலாம். அங்கே 25 குதிரைத்திறனுக்கு உட்பட்ட இந்த ரகத்தை வீட்டுக்காரர்களை மனத்தில் வைத்தே செய்கிறார்கள். கியர் மாற்றத் தேவையின்றிக் கால்மிதியாலேயே முன்னும் பின்னும் ஓட்டலாம். வயிற்றுக்கு அடியில் புல்வெட்டியும், முன்புறம் மண் அள்ளும் வாளியும் பொருத்திக் கொள்ளலாம். அந்த வண்டியின் முதல் வேலை புல்தரையைச் சமமாக வெட்டுவது. நம் தோப்பில் புல்தரைக்கு எங்கே போவது? இருப்பது கோரையும் அருகும்தான்; அவற்றை வெட்டிப் பயனில்லை, மண்ணோடு புரட்ட வேண்டும். ஆகவே நமக்கு வேண்டியது ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறிப் புரட்டும் கருவி) சளைக்காமல் சுழற்றும், ஐந்து கொத்துக் கலப்பையை இழுக்கும், தேங்காயும் எருவும் ஏற்றிய சிறு டிரெய்லரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி. மகனுடைய வண்டியின் உருவம் இங்கே விற்கும் மினி டிராக்டர்களை ஒத்திருக்கலாம்; வேலை வேறு.

விற்பனையாளரிடம் போவதற்கு முன்னால் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போய்வாருங்கள். தென்னைக்குப் பரிந்துரைக்கும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி என்றாலும், பழைய தோப்புகளில் நடுவில் செத்த மரத்துக்குப் பதில் வைத்த கன்றுகள் வரிசை தவறி நிற்கும். ஆகவே மிகக் குறுகலான இடத்தை அளந்து குறித்துக் கொள்ளுங்கள். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்துக்குள்தான் உணவெடுக்கும் வேர்கள் மிகுதியாக இருக்கின்றன என்பதால் அந்த வட்டத்துக்குள் ரோட்டவேட்டரை விடக்கூடாது. 25 அடி இடைவெளியில் இருபுறமும் ஆறாறு அடியை விட்டால் மிஞ்சுவது 13 அடி. மூன்றரை அடி ரோட்டவேட்டர் இதை நான்கு ஓட்டத்தில், ஓரம் சற்று ஒன்றின்மேல் ஒன்று படியும்படி முடித்துவிடும்.

வாழையில் நிலைமை வேறு. ஏத்தனை ஆறடி இடைவெளியில் வைத்திருப்பீர்கள். மூன்றரை அடி அகல வண்டி அதற்குள் போனால் இருபக்கமும் ஒன்றேகால் அடிதான் மிஞ்சும். கன்று நட்ட முதல் மூன்று மாதம் ஓட்டலாம். அதன் பிறகு இலை விரிந்து, பக்கக்கன்றும் கிளம்பிவிடும். வாழை வேர் மேல்மண்ணிலேயே பரவுவது, ஆழமாகக் கிளறினால் அறுபடும். வாழைக்குள் ஆண்டு முழுவதும் ஓடும் டிராக்டர் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். அந்த வேலைக்கு, கையால் பிடித்து நடத்திக் களையெடுக்கும் சிறு இயந்திரமான பவர் வீடர் போதும். வரிசை முடிவில் வண்டி திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். டிராக்டரும் பின்னால் தொங்கும் ரோட்டவேட்டரும் சேர்ந்தால் பத்தடிக்குக் குறையாது. வேலியும் வாய்க்காலும் நெருக்கமாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பின் எடுத்தே பொழுது போய்விடும்.

இனி குதிரைத்திறனுக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எஞ்சினின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பின்புறம் பல்வெட்டிய தண்டாக நீட்டிக் கொண்டிருக்கும் பி.டி.ஓ.; அங்கே வந்து சேர்வது பொதுவாக எஞ்சின் திறனில் எண்பது, எண்பத்தைந்து சதவீதந்தான், சில மாடல்களில் அதற்கும் குறைவு. 21 குதிரைத்திறன் வண்டியில் பி.டி.ஓ.வில் 17-ஐ எதிர்பார்க்கலாம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அது மூன்றடி, மூன்றரை அடி ரோட்டவேட்டருக்குச் செம்மண்ணிலும் வண்டலிலும் போதும். விற்பனையாளர் நாலரை அடி ரோட்டவேட்டரைச் சேர்த்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். எஞ்சின் திணறும், புகை தள்ளும், பி.டி.ஓ. கிளட்ச் சீக்கிரம் தேயும். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதிக்கப்பட்ட டிராக்டருக்கு அறிக்கை உண்டு, பி.டி.ஓ.வில் கிடைத்த திறன், தூக்கும் எடை, எரிபொருள் செலவு எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் பார்க்கும் மாடலின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விளம்பரத் தாளை விட அது சுவையற்றதுதான், ஆனால் காசு போடுகிறவர் படிக்க வேண்டியது அதைத்தான்.

மாடல்களைப் பற்றி: 15 குதிரைத்திறனில் மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ஆகியவை ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள், பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். விலை குறைவு, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். சமதளத்தில் தண்ணீர் டேங்க் இழுக்கவும் கொத்துக் கலப்பை ஓட்டவும் உகந்தவை. மலையடிவாரத்து ஈரமண்ணில், தென்மேற்குப் பருவச் சாரல் நின்ற மறுநாள், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் இலேசான வண்டி இருந்த இடத்திலேயே சுற்றிக் கொண்டிருக்கும். உங்களுக்கு நான்கு சக்கர இழுவை வேண்டும். அந்த வகையில் கூபோட்டா நியோஸ்டார் ஏ211என், 2023-இல் வந்த மஹிந்திரா ஓஜா 2121 இரண்டும் 21 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். மஹிந்திரா ஜீவோ 245, கூபோட்டா பி2441 ஆகியவை 24 குதிரைத்திறன். ஜீவோவுக்கு இரண்டு சிலிண்டர், பி2441-க்கு மூன்று. ஜான் டீர் 3028ஈ.என். 28 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டர் எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும், அதிர்வு கூடுதல். மூன்று சிலிண்டர் மென்மையாக ஓடும். உங்கள் வயதையும் நீங்களே ஓட்டப் போவதையும் நினைத்தால் மூன்று சிலிண்டர் பக்கமே என் மனம் சாய்கிறது. 28-க்குப் போக வேண்டிய தேவை உங்கள் தோப்பில் தெரியவில்லை. தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும், அது எவ்வளவு பி.டி.ஓ. திறன் கேட்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு டிராக்டரை முடிவு செய்யுங்கள்.

ஒரே மாடலிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. புகைக்குழாய் மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் தாழ்ந்த மட்டை ஒவ்வொன்றிலும் இடிக்கும். கீழ்நோக்கித் திருப்பிய குழாய் உள்ள வண்டியைக் கேளுங்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவு மடக்கக்கூடியதாக இருக்கட்டும். மட்டை இடிக்கிறது என்று அதைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிடாதீர்கள். அகலம் குறைந்த வண்டி வரப்பில் ஒரு சக்கரம் ஏறினாலே சாயும். பி.டி.ஓ. தண்டின் மேல்மூடியையும் அதேபோலக் கழற்றிவிடாதீர்கள். நம் பக்கத்தில் வேட்டியோடும் தோளில் துண்டோடும் டிராக்டர் ஓட்டுவது வழக்கம். நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும் தண்டில் துண்டின் நுனி பட்டால் கையால் இழுத்து மீட்க அவகாசம் இருக்காது. உழவுக்கு இறங்கும்போது கால்சட்டை போட்டுக் கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று: வாங்கத்தான் வேண்டுமா? மூன்றரை அடி ரோட்டவேட்டரில் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆண்டுக்கு நான்கு உழவு என்றாலும் உங்கள் மூன்று ஏக்கருக்கு 24 மணி நேரம், தம்பியின் நிலத்தையும் சேர்த்தால் 56. டிரெய்லர் வேலையும் கூட்டினால் நூறு மணி நேரம் வரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வண்டிக்கு வட்டி, தேய்மானம், காப்பீடு எல்லாமாக ஆண்டுக்கு எழுபத்தையாயிரம் ரூபாய் போகும் என்று வையுங்கள். உங்கள் ஊர் வாடகை மணிக்கு 800 ரூபாய் என்றும், சொந்த வண்டியின் டீசலுக்கும் பராமரிப்புக்கும் மணிக்கு 300 ரூபாய் என்றும் கொண்டால், மணிக்கு மிச்சமாவது 500 ரூபாய். அப்படியானால் 150 மணி நேரம் ஓடினால்தான் கட்டுப்படியாகும். வங்கியில் இருந்தவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தனியாக வாங்குவது பணக்கணக்கில் தேறாது. தம்பியோடு பங்கு போட்டு, அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் சில நாள் உழவு ஓட்டிக் கொடுக்க முடியுமானால் 21 அல்லது 24 குதிரைத்திறனில், நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியை வாங்கலாம். அப்போது எந்த நிறுவனம் என்பதை, வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ திருநெல்வேலியிலோ யாருடைய மெக்கானிக் அழைத்த அன்றே வருகிறார் என்பது முடிவு செய்யட்டும். அதற்கு வழியில்லை என்றால் ஒரு பவர் வீடரை வாங்கி வைத்துக்கொண்டு, தோப்பு உழவுக்கு வாடகை மினி டிராக்டரைத் தேடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கும் முன்பதிவு செய்யலாம்.

இன்னொன்றையும் சேர்த்துக் கொள்கிறேன். ரோட்டவேட்டரையே ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே மண் இறுகித் தண்ணீர் இறங்காமல் நின்றுவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இறுகிய மண்ணை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பை போட வேண்டும். அதற்கு எந்த மினி டிராக்டரும் ஆகாது, பெரிய வண்டியைத்தான் வாடகைக்கு அழைக்க வேண்டும்.

கேள்வி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை. கார், பிசானம் இரண்டு பூவும் (போகமும்) உண்டு. தொழி அடிக்க (சேற்றுழவுக்கு) மினி டிராக்டர் பயன்படுமா? – ஒரு வாசகர், வீரவநல்லூர்.

பதில்: கால் வைத்தால் கணுக்காலுக்குச் சற்று மேல் வரை புதைந்து அடியில் கெட்டித்தரை தட்டுகிற வயலானால் பயன்படும். முழங்கால் வரை புதையும் உளைச்சேற்றில் இறக்க வேண்டாம்; வயிறு மண்ணில் படிந்து உட்கார்ந்துவிடும், பிறகு வெளியே இழுக்கப் பெரிய டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். பின்சக்கரத்தோடு, சேற்றில் புதையாமல் தாங்கும் இரும்புச் சக்கரமான கேஜ்வீல் மாட்டுவது அவசியம். நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியில் முன் அச்சும் சேற்றுக்குள்ளேயே ஓடுவதால், தண்ணீர் புகாமல் காக்கும் ஆயில் சீல்களை ஒவ்வொரு பூவுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். முன் அச்சு எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று பொருள். வயலை விட்டு ஏறியதும் கேஜ்வீலைக் கழற்றிவிட்டுத் தார்ச்சாலைக்கு வாருங்கள். முன்சக்கர இழுவையையும் விடுவித்துவிடுங்கள், இல்லையென்றால் டயரும் பல்சக்கரமும் வீணாகத் தேயும்.

கேள்வி: எங்கள் விளை (தோட்டம்) தேரி மண், அதாவது செம்மணல்; முருங்கை போட்டிருக்கிறோம். பழைய மினி டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? – ஒரு வாசகி, திசையன்விளை.

பதில்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் கண்முன்னே முதல் முறையாக ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள் அம்மா. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் பேசிக் கொண்டிருங்கள். அதற்குள் கலப்பை மளமளவென்று இறங்கிவிட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்கிறது. தேரி மணல் காற்றில் பறந்து ஏர்ஃபில்ட்டரை அடைக்கும் என்பதால் அதைத் திறந்து பாருங்கள். முந்தைய உரிமையாளர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். முன்டயர் அளவைக் குறித்துக்கொண்டு, அது பக்கத்துக் கடைகளில் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அது நீங்கும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: டிராக்டருக்கு மானியம் எவ்வளவு? ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது என்கிறார்களே? – ஒரு வாசகர், நாங்குநேரி.

பதில்: வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்புத் தொகை உண்டு என்பதால் விலையில் பாதி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். உழவன் செயலி வழியாகவோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். வாங்கிய பின் பில்லைக் கொண்டுபோனால் கிடைக்காது. சிறு, குறு விவசாயி என்பதற்கு வட்டாட்சியர் சான்று வேண்டும். ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12-இலிருந்து 5 சதவீதமாகவும், அதன் டயர், உதிரிப்பாகங்களுக்கு 18-இலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்திருக்கிறது.

கேள்வி: கார் ஓட்டும் உரிமம் இருக்கிறது. மினி டிராக்டருக்குத் தனி உரிமம் வேண்டுமா? – ஒரு வாசகர், மானூர்.

பதில்: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பாரமில்லாத எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர் இலகுரக வாகனத்தில் சேரும். டிரெய்லருக்குப் பதிவும் காப்பீடும் தனியாக எடுக்க வேண்டும். வண்டியில் இருக்கை ஒன்றுதான் என்பதால் மட்கார்டில் யாரையும், பேரப்பிள்ளைகளே ஆனாலும், உட்கார வைத்து ஓட்டாதீர்கள்.