ஓட்டுக் கூரையும் வகுப்பறையும்: கேள்வி பதில்

தக்கலையில் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்துகொண்டே கல்லூரியிலும் கற்பித்து, பழங்கட்டடப் பராமரிப்புக்கு ஆலோசனையும் வழங்கிவரும் ஒருவர் அளித்த பதில்கள்.

களியக்காவிளை மாணவி: ஐயா, மூன்று வேலைகளையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: நேரக் கணக்கில் சமாளிக்க முடிவதில்லை, ஆனால் ஒன்றின் பாடம் மற்றொன்றுக்கு உதவுகிறது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த பின்னும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருந்துவரும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, தாழ இறங்கும் கூரை மழையைச் சுவரில் படாமல் தள்ளிவிடுவதையும், மரச்சட்டச் சாளரங்கள் வெயிலின் கூச்சத்தைத் தணித்துக் காற்றை உள்ளே விடுவதையும் வரைந்து பார்க்கச் சொல்வேன். அடுத்த வாரம் யாருக்கோ புதுவீடு வரையும்போது, என் கை தானாகவே இறவாரத்தை ஒரு முழம் நீட்டிவிடும்.

மார்த்தாண்டம் வீட்டுக்காரர்: தாத்தா கட்டிய ஓட்டு வீட்டின் சுவர் ஓதம் காக்கிறது. சிமென்ட் பூசிவிடலாமா?

பதில்: வேண்டாம். தொடக்க காலத்தில் நானே ஒரு வீட்டுக்கு அதை அனுமதித்துவிட்டு, இரண்டு மழைக்காலம் கழித்துப் பூச்சு பாளம் பாளமாக உரிந்ததைக் கண்டு வெட்கப்பட்டேன். மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர் உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அதன் வழியை அடைப்பதால், ஈரத்தோடு வரும் உப்பு பூச்சின் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது. முதலில் ஈரம் வரும் வழியைத் தேடுங்கள்: உடைந்த முகட்டு ஓடு, சுவரையொட்டி உயர்ந்துவிட்ட முற்றத்து மண், சுவருக்குள் புதைந்த கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வான கூரை மரம்) முனைகள். இவற்றைச் சரிசெய்து சுவரை உலரவிட்ட பிறகு, நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பையும் மணலையும் கலந்து பூசுங்கள். கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்க்கும் பக்குவம் தெரிந்த முதிய கொத்தனார் கிடைத்தால், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

செங்கோட்டைப் பெற்றோர்: மகன் இத்துறைக்கு வந்தால் வருமானம் வருமா?

பதில்: கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்த பிறகே ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பழங்கட்டட வேலையை மட்டும் நம்பினால் வருமானம் சீராக இராது. எனக்குக் கல்லூரிச் சம்பளம் இருப்பதால்தான், பழைய வீட்டை இடித்துத் தரச் சொல்லி வருபவர்களைத் தயங்காமல் திருப்பி அனுப்ப முடிகிறது.

பாறசாலை ஆசிரியர்: மரபு என்றால் பழையதைப் போலவே கட்டுவதா?

பதில்: இல்லை. இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தை வடிவமைத்தபோது எந்த அரண்மனையையும் நகல் எடுக்கவில்லை. துளை விட்டு அடுக்கிய செங்கல் சுவரால், மரச்சட்டச் சாளரம் செய்த அதே வேலையைக் குறைந்த செலவில் செய்துகாட்டினார்.