மட்டக்குதிரைக் கொட்டகைக்கு இரவில் என்ன லைட் போடலாம்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையோரம், ராஜாக்கமங்கலம் பக்கம் தென்னந்தோப்பில் இரண்டு மட்டக்குதிரைகள் வளர்க்கிறேன். ஒன்று ஆண், ஒன்று பெண். முன்பக்கம் திறந்த ஓலைக் கொட்டகை. பாம்புக்கும் தெருநாய்க்கும் பயந்து விடிய விடிய எரிகிற ஃபோகஸ் லைட் மாட்டினேன். அதிலிருந்து இரண்டும் உள்ளே படுப்பதில்லை; வெளியே நின்றே தூங்குகின்றன. லைட் எரிந்தால் பெண் குதிரை சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்கிறார்கள். எந்த லைட் நல்லது?

பதில்: முதலில் அந்த ஃபோகஸ் லைட்டை அணைத்துவிடுங்கள். குதிரைக்கு இருட்டில் நம்மைவிட நன்றாகவே கண் தெரியும். ஆனால் பளீர் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நின்றபடி கண் அசருவது சகஜம்தான். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். பல நாள் படுக்காத குதிரை நின்ற இடத்தில் சொக்கி, முன்னங்கால் மடங்கி விழப்பார்க்கும். முன்னங்கால் கணுக்களின் (குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டு) முன்பக்கம் சிராய்ப்பு இருக்கிறதா என்று இன்றே தடவிப் பாருங்கள். இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாம்புக்குப் பயந்து வைத்த லைட்தான் பாம்பையும் கூப்பிடும். வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், அப்புறம் சொல்ல வேண்டியதில்லை. சிந்திய தவிட்டைக் கூட்டி எலியைக் குறைத்தால் பாதிப் பயம் போகும். நாய்க்கு நல்ல வேலிதான் வழி.

பருவத்துக்கு வரும் கதை பொய்யில்லை, ஊர்தான் வேறு. குளிர் நாடுகளில் பகல் குறையும்போது பெண் குதிரைக்குப் பருவம் நின்றுபோகும். அதனால் அங்கே ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி இரண்டு மாதம் போல லைட் போடுவார்கள். நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில், அதாவது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசமே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இங்கே அது வீண் கரண்ட் செலவு.

சரி, லைட்டே வேண்டாமா? நீங்கள் போய்ப் பார்க்க வேண்டுமே! 9 வாட் எல்.இ.டி. ஒன்று போதும், மஞ்சள் வெளிச்சம் தருகிற வார்ம் ஒயிட் ரகம். கொட்டகைக்கு வெளியே நடைபாதைக் கம்பத்தில், முகப்பு தரையைப் பார்க்கும்படி மாட்டி, சுவிட்சை வாசலிலேயே வையுங்கள். பார்த்து முடித்ததும் அணைத்துவிடலாம். ஆள் நடந்தால் எரியும் சென்சார் லைட்டைத் தோப்பில் வைக்காதீர்கள். நாயோ பூனையோ கடக்கும்போதெல்லாம் சட்டென்று எரிந்து குதிரையை மிரட்டும். ஓலைக்கு அடியில் குண்டு பல்பு கூடவே கூடாது. அதன் சூடு தீயில் கொண்டுபோய் விடும்.

கடற்கரை உப்புக்காற்றில் தகரக் கூடு சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் உடம்புள்ள, ஐ.பி. 65 (தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான குறியீடு) என்று போட்ட லைட்டாக வாங்குங்கள். வயரை பி.வி.சி. குழாய்க்குள், குதிரையின் வாய் எட்டாத உயரத்தில் கொண்டுபோக வேண்டும். ஈரத் தரையில் இரும்பு லாடத்தோடு நிற்கிற பிராணிக்குக் கொஞ்சம் கசிவு வந்தாலும் ஆபத்து. ஆகவே கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் நல்ல எர்த்தும் இல்லாமல் இணைப்பு கொடுக்க விடாதீர்கள்.

சோலார் என்றால் பேனல் தனியாக இருக்கிற ரகம் பாருங்கள். லைட்டும் பேனலும் ஒரே பெட்டியில் வருவது தென்னை நிழலில் சார்ஜ் ஏறாது. பேனலை வெயில் விழும் இடத்தில், தெற்குப் பார்த்துச் சற்றே சாய்த்து வைத்து, காக்கை எச்சத்தை அவ்வப்போது துடைத்தால் போதும்.