வெயிலோடு காட்டுத்தீப் புகையும் சேர்ந்தால் மாட்டுக் கொட்டகையை மூடலாமா?

கேள்வி: பாலைவனத்தை ஒட்டிய வறண்ட நிலத்தில் நான்கு கறவை மாடுகளும் முப்பது வெள்ளாடுகளும் வைத்திருக்கிறேன். பகல் வெயில் 45 டிகிரியைத் தொடுகிறது. மலைப்பக்கம் காடு பற்றி எரிவதால் ஆறு நாட்களாகப் புகைமூட்டம். மாடுகள் இருமுகின்றன, கண்ணில் நீர் வடிகிறது. எட்டு லிட்டர் கறந்த மாடு ஐந்துக்கு இறங்கிவிட்டது. புகை வராமல் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிடலாமா? இருமலுக்கு ஊசி போட வேண்டுமா? காயும் சோளப்பயிரை அறுத்துப் போடலாமா?

பதில்: தார்ப்பாய் கட்டாதீர்கள். இந்த நிலைமையில் மாட்டை முதலில் சாய்ப்பது வெக்கைதான், புகை அதற்கு அடுத்தது.

மாட்டின் உடல்சூடு 38.5 டிகிரி. காற்று 45 டிகிரியில் இருக்கும்போது உடம்பிலிருந்து சூடு காற்றுக்குப் போகாது, காற்றிலிருந்துதான் உடம்புக்குள் வரும். அப்போது மாட்டுக்கு மிஞ்சியிருப்பது ஒரே வழி: வியர்வையும் மூச்சும் ஆவியாகி வெளியேறுவது. ஆவியாக வேண்டுமென்றால் காற்று ஓட வேண்டும். தார்ப்பாய் அதைத்தான் நிறுத்துகிறது. உள்ளே ஈரம் கூடும், மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா தேங்கும், புகையால் புண்ணான மூச்சுக்குழாயை அதுவும் அரிக்கும். இவ்வளவு செய்தும் புகை நிற்காது. கெடுதல் செய்யும் துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் சிறியவை, தார்ப்பாயின் இடுக்குகளில் தாராளமாக நுழையும்.

உங்கள் பகுதியில் காற்றின் ஈரப்பதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, அதை 45 டிகிரி வெயிலோடு சேர்த்து வெப்ப-ஈரப்பதக் குறியீடு கணக்கிட்டால் 87 வருகிறது. 72-ஐத் தாண்டும்போதே கறவை மாடு தீவனத்தைக் குறைக்கும், பாலும் இறங்கும். ஆகவே உங்கள் மூன்று லிட்டர் இழப்பில் பெரும்பங்கு வெயிலுடையது. கடும் வெயிலின் பாதிப்பு பாலில் ஓரிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால், இன்று கறந்த ஐந்து லிட்டர் நேற்று முன்தினத்தின் கணக்கு.

புகையும் வெயிலும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். நிழலில் படுத்திருக்கும் மாடு நிமிடத்துக்கு முப்பது முறை மூச்சு விடும். வெக்கையில் அது எண்பது, நூறு என்று போகும். ஒவ்வொரு மூச்சிலும் புகையும் சேர்ந்து இறங்குகிறது. மூச்சு வேகத்தைக் குறைத்தால் நுரையீரலுக்குள் போகும் புகையும் குறையும். விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் எழுந்து இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எண்ணிக் குறித்து வையுங்கள். 60-க்கு மேல் என்றால் குளிர்விக்க வேண்டும். 100-ஐத் தாண்டி, வாய் திறந்து நாக்கு வெளியே தொங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

வறண்ட பகுதியில் உங்களுக்குள்ள ஒரே அனுகூலம் காய்ந்த காற்று. 45 டிகிரியும் 15 சதவீத ஈரமும் உள்ள காற்று, தண்ணீர் ஆவியாவதால் மட்டும் ஏறக்குறைய 24 டிகிரி வரை குளிரக்கூடியது. கொட்டகையில் அவ்வளவு கிடைக்காது, ஆனால் பல டிகிரி இறக்கலாம். காற்று வரும் பக்கம் மட்டும் கோணிச்சாக்கை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்ட குழாய் வைத்துச் சொட்டச் சொட்ட நனையுங்கள். எதிர்ப்பக்கம் முழுதும் திறந்திருக்கட்டும். இரண்டு பக்கமும் சாக்கு கட்டுவது பலரும் செய்யும் தவறு; காற்று போக வழியில்லாமல் உள்ளே புழுங்கிவிடும். ஈரச்சாக்கு சாம்பலையும் பெரிய தூசியையும் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. அதைப் புகை வடிகட்டியாக நினைத்துவிடாதீர்கள். உப்புத்தண்ணீராக இருந்தால் குழாய் ஓட்டைகளில் உப்புப் படிந்து அடைக்கும், வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும்.

தண்ணீர் கூடுதலாக இருந்தால் மாட்டின் முதுகை நேரடியாக நனைக்கலாம். தோல் வரை நனையும்படி இரண்டு மூன்று நிமிடம் பெரிய துளியாகத் தெளியுங்கள், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள், மறுபடி நனையுங்கள். காயும்போதுதான் சூடு இறங்குகிறது. தண்ணீர் மடிவரை ஒழுகக்கூடாது, மடிநோய்க்கு வழிவிடும். நனைந்த சாக்கை முதுகில் போர்த்துவதும் வேண்டாம். சற்று நேரத்தில் அது வெந்நீர்க் கம்பளியாகிவிடும்.

தண்ணீர் பற்றாக்குறை என்றால் குடிநீருக்குத்தான் முதலிடம். இந்த வெயிலில் கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் வெயிலில் கிடந்தால் முதலில் வரும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும், நாம் தாகமில்லை என்று நினைப்போம். குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, தொட்டிக்கு நிழல் போடுங்கள். தொட்டியில் மிதக்கும் சாம்பலைத் தினமும் வழித்தெடுங்கள். மரச்சாம்பல் காரத்தன்மை உள்ளது, அடியில் படிந்தது கரையும். இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுதும் வடித்துக் கழுவுவது நல்லது. தீ வேலிக்கால்களையும் வீடுகளையும் தொட்டிருந்தால் அந்தச் சாம்பல் பக்கம் மாட்டையே விடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரக்கால் எரிந்த சாம்பலைக் கன்றுகள் உப்புக்காக நக்கிச் செத்ததுண்டு.

மேய்ச்சல் விஷயத்தில் வழக்கமான ஆலோசனை இப்போது உதவாது. வெயில் காலத்தில் விடியற்காலையில் மேய்க்கச் சொல்வோம். பாலைநிலத்தில் வானம் தெளிவாக இருப்பதால் இரவில் தரை சட்டென்று குளிரும், குளிர்ந்த காற்று மேலே எழாமல் தேங்கும், புகையும் அதனுடன் தரையில் படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அதிகாலையில்தான் புகை தரையருகில் அடர்ந்திருக்கும். வெயில் ஏறியபின் கலைந்து மேலெழும், ஆனால் அப்போது சூடு வந்துவிடுகிறது. அதனால் காற்றுத் தரக் குறியீடு 150-க்கு மேல் இருக்கும் நாட்களில் ஆடு மாடு இரண்டையும் மேய்ச்சலுக்கு ஓட்டாமல் கட்டுத்தரையிலேயே தீவனம் கொடுங்கள். வெள்ளாடு வெயிலை மாட்டைவிட நன்றாகத் தாங்கும், புகையில் ஓடினால் அதன் நுரையீரலும் கெடும். பராமரிக்கும் நீங்களும் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், அது நுண்துகளைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் அணியுங்கள்.

தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சூரியன் இறங்கிய பிறகு கொடுங்கள். செரிமானச் சூடு நடுப்பகல் வெயிலோடு சேராது. வைக்கோல், தட்டைத் துண்டுகளில் உள்ள தூசி இருமலைக் கூட்டும், கொடுக்கும் முன் தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள். ஈரப்படுத்தியதை ஒரு மணி நேரத்துக்குள் தின்று முடிக்கும் அளவே வையுங்கள், இந்தச் சூட்டில் புளித்துவிடும். மூச்சிரைக்கும் மாடு எச்சிலை ஒழுகவிடும், அதோடு இரைப்பையின் அமிலத்தைச் சமன்செய்யும் காரமும் போய்விடும். அடர்தீவனத்தில் மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் சமையல் சோடாவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கலக்கலாம். உப்பு 30 கிராம் போதும், ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஊசி இப்போது தேவையில்லை. நீர் போன்ற சளியும் வறட்டு இருமலும் மட்டும் என்றால் அது பெரும்பாலும் புகையின் எரிச்சல்தான், நோய்க்கிருமி அல்ல. ஆனால் புண்ணான மூச்சுக்குழாயில் சில நாள் கழித்து நிமோனியா பிடிக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் காய்ச்சல் அளவைப் பிற்பகலில் பார்க்காதீர்கள். அந்நேரம் 40 டிகிரி காட்டினால் அது வெயிலாகவும் இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம். சூரியன் உதிக்கும் முன் வெப்பமானியை ஆசனவாயில் சுவரோடு ஒட்டி இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். இரவுக் குளிருக்குப் பிறகும் 39.5-க்கு மேல் இருந்து, சளி மஞ்சளாகி, அசை போடுவதும் நின்றிருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இரைக்கும் மாட்டுக்கு மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ புகட்டவே கூடாது. அது நேராக நுரையீரலுக்குள் இறங்கும்.

பிற்பகலில் ஒரு மாட்டுக்கு 41 டிகிரியைத் தாண்டினால் நிழலில் நிறுத்தி, கழுத்து, விலா, கால்களில் விடாமல் தண்ணீர் ஊற்றி விசிறியைத் திருப்புங்கள். 39.5-க்கு வந்ததும் நிறுத்துங்கள். மருத்துவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆனால் அவர் வரும்வரை தண்ணீர் ஊற்றாமல் காத்திருக்க வேண்டாம்.

புகை விலகிய மறுநாளே தொலைதூர மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். மூச்சுக்குழாய் ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பால் உயரும், ஆனால் கறவையின் பின்பகுதியில் உள்ள மாடாக இருந்தால் இந்த ஈத்தில் மறுபடி எட்டு லிட்டர் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாகச் சோளம். வறட்சியில் குட்டையாக நின்றுவிட்ட பயிரிலும் அறுத்த கட்டையிலிருந்து மறுபடி முளைக்கும் மறுதாம்புத் துளிரிலும் சயனைடு நச்சு ஏறியிருக்கும். இடுப்பளவுக்குக் கீழ் உள்ளதைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். கதிர் விட்ட பயிரில் ஆபத்து குறைவு. அறுத்து நன்றாக உலர்த்தினால் சயனைடு பெருமளவு போய்விடும், ஆனால் வறட்சிப் பயிரில் சேரும் நைட்ரேட் என்ற இன்னொரு நச்சு உலர்த்தினாலும் போகாது. அது தண்டின் அடிப்பகுதியில்தான் அதிகம் என்பதால் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு அறுங்கள். பசித்திருக்கும் மாட்டுக்கு முதலில் வைக்கோல் போட்டுவிட்டு, பிறகு சிறிதளவு கொடுங்கள். தின்ற சற்று நேரத்தில் மாடு தள்ளாடி மூச்சுத் திணறினால் ஈறைப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பு சயனைடையும், பழுப்பு நைட்ரேட்டையும் காட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு, மருத்துவரிடம் அந்த நிறத்தைச் சொல்லுங்கள்.