ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பா, மூன்றாவது வருஷமா?

கேள்வி: எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். வயது 32, இன்னும் திருமணம் ஆகவில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் எம்.ஏ. முடித்து, ஆறு வருஷமாக ஓசூரிலும் பெங்களூரிலும் கம்பெனிகளுக்கு ஜப்பானிய வகுப்பு எடுக்கிறேன். இப்போது அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியும், ஆசிய ஆய்வுகளில் ஒரு பாடமும் நடத்த வேலை கிடைத்திருக்கிறது. ஜே-1 விசா (பரிமாற்றத் திட்டத்தில் போவோருக்கான தற்காலிக விசா), வருஷத்துக்கு 48,000 டாலர். 2026 ஆகஸ்டில் சேர வேண்டும். ஒப்பந்தம் இரண்டு வருஷம்; 'மாணவர் சேர்க்கையைப் பொறுத்து மூன்றாம் ஆண்டும் நீட்டிக்கப்படலாம்' என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. அதை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் 30 லட்சத்துக்கு வருகிறது, நான் சம்பாதித்து அதை வாங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் 4 லட்சம் டெபாசிட் இருக்கிறது. வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கிய 3 லட்சம் கடன் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போகிறது. வரி எவ்வளவு போகும், எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் வாழ்த்துகள். காவேரிப்பட்டணத்திலிருந்து போய் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்று படித்தபோது மனசு நிறைந்துவிட்டது.

நீங்கள் கேட்டது தோப்பைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் அதிகப் பணம் மாட்டியிருப்பது 'மூன்றாம் ஆண்டும் நீட்டிக்கப்படலாம்' என்ற அந்த ஒரு வரியில்தான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் 22-ஆம் பிரிவு ஆசிரியர்களுக்கானது. இந்தியாவில் வசித்துவந்த ஒருவர் அங்குள்ள அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனால், போன நாளிலிருந்து இரண்டு வருஷம் வரை அந்தச் சம்பளத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் வருமான வரி கிடையாது. வேலையில் சேர்ந்ததும் 8233 என்ற படிவத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் சம்பளத்தில் வரி பிடிக்காமலே தருவார்கள். மாநில வரி தனி. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்த ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலம் எப்படி என்று அவர்களின் மனிதவளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது நல்ல சலுகை. ஆனால் இதன் பின்னால் ஒரு கொக்கி இருக்கிறது. இந்தியர்களைப் பொறுத்தவரை, தங்கியது இரண்டு வருஷத்தைத் தாண்டினால் சலுகை அன்றோடு நிற்பதில்லை, முதல் நாளிலிருந்தே ரத்தாகிவிடும். அமெரிக்க வருமான வரித் துறையின் 901-ஆம் எண் வெளியீட்டிலேயே இது எழுதியிருக்கிறது. அதாவது மூன்றாம் வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தங்கிவிட்டால், முதல் இரண்டு வருஷத்துக்குக் கட்டாமல் விட்ட வரியையும் வட்டியோடு கட்ட வேண்டிவரும். இடையில் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்து போனால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைக்காதீர்கள். முதன்முதலில் போன தேதிதான் கணக்கு.

உங்கள் சம்பளத்துக்கு அந்தப் பழைய வரி குத்துமதிப்பாக 8,000 முதல் 11,000 டாலர் வரும். டாலரை 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7 லட்சத்திலிருந்து 9.7 லட்சம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஜே-1 ஆசிரியர்களுக்கு முதல் இரண்டு காலண்டர் வருஷம் சமூகப் பாதுகாப்பு (அங்குள்ள அரசுப் பென்ஷன் திட்டம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இல்லை. காலண்டர் வருஷம் என்பதைக் கவனியுங்கள். ஆகஸ்டில் போய் இறங்கினாலும் 2026 ஒரு முழு வருஷமாகவே எண்ணப்படும். எனவே 2028 ஜனவரியிலிருந்து சம்பளத்தில் 7.65 சதவீதம், மாதம் 306 டாலர் பிடிக்க ஆரம்பிப்பார்கள். இந்தப் பணம் உங்களுக்குப் பென்ஷனாகத் திரும்ப வேண்டுமானால் மொத்தம் 40 காலாண்டு, அதாவது பத்து வருஷ உழைப்புக் கணக்கு வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால் இங்கே வேலை பார்த்த வருஷங்களை அங்கே சேர்த்துக் காட்டவும் முடியாது.

நீங்கள் ஜப்பானுக்கே போயிருந்தால் கதை வேறு. அந்த நாட்டோடு நமக்குள்ள ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே பென்ஷனுக்கு ஆறு மாதமாவது கட்டிவிட்டு நாடு திரும்பும் வெளிநாட்டவர், இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்ப வாங்கலாம். பின்னாளில் டோக்கியோவிலோ ஒசாகாவிலோ வாய்ப்பு வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மூன்றாம் வருஷத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சின்னக் கல்லூரி ஊரில், வாடகை ஆயிரம் டாலருக்குள் சிக்கனமாக இருந்தால் உங்களால் மாதம் 1,500 டாலர் மிச்சம் பிடிக்க முடியும். வருஷத்துக்கு 18,000. மூன்றாம் வருஷத்தில் வரிச் சலுகை கிடையாது. வருமான வரி 3,500 டாலருக்கு மேல், சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் 3,672 டாலர் போனால் மீதி 11,000-க்குக் கொஞ்சம் குறைவு. அதிலிருந்து பழைய வரி 8,000 முதல் 11,000. கடைசியில் கையில் நிற்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரு வருஷம் முழுக்கக் கன்ஜி எழுத்துத் தேர்வுத்தாள் திருத்தியதற்கு மிச்சம் பூஜ்யம் என்றால் அது நியாயமா?

ஆகவே என் அபிப்பிராயம் இது: இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்புங்கள், இல்லையென்றால் நான்கு ஐந்து வருஷம் இருப்பதற்கு வழி தெரிந்தால் மட்டும் தொடருங்கள். மூன்றோடு நிறுத்துவதுதான் நஷ்டம். பேராசிரியர் பிரிவில் வரும் ஜே-1 விசா அதிகபட்சம் ஐந்து வருஷம். ஒரு வருஷம் மட்டும் நீட்டித்துத் தருகிறோம் என்று சொன்னால், அதற்கடுத்த வருஷத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

நீட்டிப்பு நடக்குமா என்பதும் யோசிக்க வேண்டியதுதான். அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்பில் 2016-க்கும் 2021-க்கும் இடையில் கல்லூரிகளில் பிறமொழி படிப்போர் எண்ணிக்கை 16.6 சதவீதம் குறைந்தது. ஜப்பானிய மொழியில் இறக்கம் 5 சதவீதத்துக்குள்தான் என்பது உங்களுக்கு ஆறுதல். ஆனால் 2023-ல் வெஸ்ட் வெர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் உலக மொழிகள் துறையைக் கிட்டத்தட்ட முழுசாகவே மூடிவிட்டது. நிர்வாகம் சிக்கனம் பிடிக்கத் தொடங்கினால் முதலில் கைவைப்பது ஒப்பந்த மொழி ஆசிரியர்கள் மேல்தான். அதனால்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கும் அந்த ஆசிய ஆய்வுகள் பாடத்தை உப்புக்குச் சப்பாணியாக நினைக்க வேண்டாம் என்கிறேன். மொழி வகுப்புக்கு இருபது பேர் வந்தாலும், வரலாறு, சினிமா, மதம் என்று பொதுப்பாடமாக நடத்தும் வகுப்புக்கு எல்லாத் துறையிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதுதான் உங்களைத் தூக்கி நிறுத்தும்.

இனி தோப்பு. இதில் சட்டமே உங்களுக்குப் பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. வேலைக்காக நாட்டை விட்டுப் போனதும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். அப்படிப்பட்டவர் இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 'போய்ச் சேர்ந்து பணம் அனுப்புகிறேன், என் பேரில் கிரயம் பண்ணிடுங்கப்பா' என்பது நடக்காது. இதே மாவட்டத்தில் ஒருவர், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பத்திரம் முடித்துவிட்டு, விற்கப் போகும்போது மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அந்தச் சிக்கலை அவிழ்க்க அவர் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

போவதற்கு முன்பே வாங்கலாமே என்றால், கையில் 4 லட்சத்தை வைத்துக்கொண்டு 26 லட்சம் கடன் எடுக்க வேண்டும். வேண்டாம். அப்பா பேரில் வாங்கலாம். நீங்கள் அனுப்பும் பணம் அப்பாவுக்கு அன்பளிப்பு, அதற்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது அப்பாவின் சொத்து. உயில் இல்லாமல் போனால் அம்மாவுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. கொடுக்கும்போதே 'இது கொடுத்தது' என்று மனசில் தீர்த்துக்கொண்டு கொடுத்தால் பின்னால் குடும்பத்தில் கசப்பு வராது.

தோப்பை இப்போது வாங்க வேண்டாம் என்பதற்கு அதை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மாதம் 1,500 டாலர் வீதம் இரண்டு வருஷம் சேர்த்தால் 36,000 டாலர், 31 லட்சத்துச் சொச்சம். தோப்பு 30 லட்சம். உங்கள் இரண்டு வருஷ அமெரிக்க உழைப்பு மொத்தமும் அந்த ஒன்றரை ஏக்கரில் போய் உட்கார்ந்துவிடும். நம் பக்கத்துத் தோப்புகளில் பெரும்பாலும் கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாதான். அதன் விலையைத் தீர்மானிப்பது நாம் இல்லை, கூழ் தொழிற்சாலையில் போன வருஷத்துச் சரக்கு எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்பதுதான். 2025 சீசனில் விலை எப்படி விழுந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. ஏற்கெனவே வீட்டில் இரண்டு ஏக்கர் அதே மரம், அதே மண்டி, அதே விலை. இன்னொரு ஒன்றரை ஏக்கரும் சேர்ந்தால் பூ பிடிக்காத வருஷத்தில் இரண்டும் சேர்ந்தே படுக்கும். அப்பாவிடம் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். கடைசி ஐந்து சீசனுக்கு மண்டித் துண்டுச்சீட்டுகளை எடுத்து, மருந்து, உழவு, பறிகூலி போக ஏக்கருக்கு என்ன நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கட்டும். அந்தத் தொகையை ஏக்கருக்கு 20 லட்சம் என்ற விலையோடு வைத்துப் பார்த்தால் அவரே யோசிப்பார். 2028-ல் திரும்பி வந்து இங்கேயே வசிக்கத் தொடங்கிய பிறகும் நிலம் வேண்டும் என்று தோன்றினால் உங்கள் பேரிலேயே, கடன் வாங்காமல், பேரம் பேசி வாங்கலாம்.

கடன் விஷயம். இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம், மாதம் 6,000 ரூபாய். டெபாசிட்டை உடைத்து உடனே அடைத்துவிடலாம் என்றுதான் கை துறுதுறுக்கும். இந்த ஒருமுறை பொறுங்கள். விமானச் செலவு, வாடகை முன்பணம், சமையல் சாமான் என்று இறங்கியதும் 3,000 முதல் 4,000 டாலர் வேண்டும். ஆகஸ்டில் சேர்ந்தால் முதல் சம்பளம் செப்டம்பரில்தான் முழுசாக வரும். அந்த 4 லட்சம் இல்லாவிட்டால் கிரெடிட் கார்டில் இன்னொரு கடன் முளைக்கும். அக்டோபர் முதல் அனுப்பும் பணத்தில் முதல் நான்கு மாதம் வேறு எதற்கும் ஒதுக்காமல் இந்தக் கடனை அடைத்து, பாண்டு பத்திரத்தைக் கையில் வாங்கிவிடுங்கள்.

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் சம்பளம் ஒன்பது மாத வேலைக்கானது. அதைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் கோடையில் கை காய்ந்துவிடும். சம்பளம் முதலில் அங்குள்ள வங்கிக் கணக்கில் விழட்டும். நேராக இந்தியக் கணக்குக்கு வந்தால் இங்கே வரி கேட்பார்கள். ஏப்ரலிலிருந்து நீங்கள் புறப்படும் வரை இந்தியாவில் இருக்கும் நாட்கள் 182-க்குக் கீழே என்பதால் 2026-27-ல் நீங்கள் வெளிநாட்டுவாசி, அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை. ஊருக்கு அனுப்பும்போது வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். ரொக்கம் கட்டி அனுப்பினால் 2026 முதல் அமெரிக்காவில் 1 சதவீத வரி இருக்கிறது.

இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு) மாற்றுங்கள், அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக ஒரு என்.ஆர்.இ. கணக்கு. என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை. ஆனால் 2028 ஜனவரிக்குப் பிறகு அமெரிக்க வரிச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் அங்கே வசிப்பவர் ஆகிவிடுவீர்கள், அப்போது அந்த வட்டிக்கு அங்கே வரி உண்டு. அவர்கள் பார்வையில் வெளிநாட்டுக் கணக்குகளான உங்கள் இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் அங்கே தனியாகத் தெரிவிக்கவும் வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அங்கே கடுமையான வரி விதி இருக்கிறது. போதாததற்கு இங்குள்ள பல ஃபண்டு நிறுவனங்கள் அமெரிக்காவில் இருப்பவரிடம் புதுப் பணம் வாங்குவதில்லை. எனவே அந்த 5,000 ரூபாயைப் போவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டுப் போங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை.

கடைசியாக, முதல் சம்பளத்திலிருந்தே மாதம் 450 டாலரை அங்கேயே ஒரு தனி சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். 24 மாதத்தில் 10,800 டாலர் ஆகும். பழைய வரி கட்ட வேண்டி வந்தால் அது கைகொடுக்கும். அங்கே போய் இறங்கும் தேதியை ஒரு காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். 2028-ல் அந்தத் தேதிக்கு முன் விமானம் ஏறிவிட்டால், அந்த 10,800 டாலரும் உங்களுடையது.